எஃகை அளந்த பிரினெல்

ஓர் இரும்புத் துண்டு எவ்வளவு கடினமானது என்பதைப் பழங்காலக் கொல்லர் அரத்தைக் கொண்டு அறிந்தனர். அராவும்போது தூள் உதிர்ந்தால் அது மென்மையானது. அரம் வழுக்கிச் சென்றால் கடினமானது. ஆனால், ஒருவர் கடினம் என்று கூறியதை மற்றொருவர் ஒப்புக்கொள்வார் என்பதற்கு உறுதியில்லை. தண்டவாளங்களும் வண்டி அச்சுகளும் எஃகினால் செய்யப்படத் தொடங்கியபோது இக்குறை பெரிதாயிற்று. மென்மை மிகுந்த எஃகு விரைவில் தேயும். கடினம் மிகுந்த எஃகு திடீரென உடையும். ஓடும் இரயிலின் அச்சு உடைந்தால் உயிர்களுக்கே கேடு. ஆகவே, எவரும் மறுக்க இயலாத ஓர் எண் தேவைப்பட்டது. அதனைத் தந்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகுஸ்ட் பிரினெல்.

அவர் 1849ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள பிரிங்கெதொஃப்தா என்னும் சிற்றூரில் பிறந்தார். தொழிற்கல்வி பயின்று, 1882இல் ஃபாகெர்ஸ்டா இரும்பாலையின் தலைமைப் பொறியாளரானார். எஃகைக் காய்ச்சும்போதும் ஆறவிடும்போதும் அதன் உள்ளமைப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்தார். வெவ்வேறு வெப்பநிலைகளில் காய்ச்சிய துண்டுகளை உடைத்து, உடைந்த பரப்பை உற்றுநோக்கினார். அந்த ஆய்வு 1885இல் வெளிவந்து அவருக்குப் பெயர் தேடித் தந்தது. எனினும், விற்பனைக்குரிய அச்சை உடைத்துப் பார்த்து, அது நல்ல அச்சு என்று சான்றளிப்பதால் யாருக்குப் பயன்?

உடைக்காமல் சோதிக்கும் வழியைப் பிரினெல் கண்டார். கோலிக்குண்டைவிடச் சிறிய, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடின எஃகு உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டார். அதனைச் சோதிக்க வேண்டிய எஃகின்மேல் வைத்து, 3000 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையால் சில நொடிகள் அழுத்தினார். உருண்டையை எடுத்ததும் அங்கே வட்டமான சிறு குழி தெரிந்தது. கூர்முனை மழுங்கும்; உருண்டைக்கு மழுங்குவதற்கு முனையே இல்லை!

குழியின் விட்டத்தை நுண்ணோக்கியால் அளந்து, அதிலிருந்து குழியின் வளைபரப்பைக் கணக்கிட வேண்டும். விசையை அப்பரப்பால் வகுத்தால் கிடைப்பதே பிரினெல் எண். குழியின் விட்டம் 4 மில்லிமீட்டர் என்றால் எண் 229; 5 மில்லிமீட்டர் என்றால் 143. குழி சிறியதாக இருந்தால் எஃகு கடினமானது. இனி விற்பவரும் வாங்குபவரும் வாதிட வேண்டியதில்லை. குழியை அளந்தால் போதும்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரினெல் இம்முறையை அறிமுகம் செய்தார். உலகெங்கும் உள்ள ஆலைகள் அதனை ஏற்றன. 1907இல் எஃகுத் துறையின் பெருஞ்சிறப்பான பெஸ்ஸிமர் தங்கப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1925ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அவர் காலமானார்.

இம்முறைக்குச் சில வரம்புகளும் உண்டு. மிகக் கடினமான பொருளை அழுத்தினால் எஃகு உருண்டையே சப்பையாகிவிடும். மெல்லிய தகட்டில் குழி மறுபக்கம் வரை புடைக்கும். ஆகவே, ராக்வெல், விக்கர்ஸ் என்னும் வேறு சோதனைகள் பின்னர்த் தோன்றின. எஃகு உருண்டைக்கு மாற்றாக, அதனினும் கடினமான டங்ஸ்டன் கார்பைடு உருண்டையும் வந்தது. வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இராது. சிறு முனை ஓரிடத்தின் இயல்பை மட்டுமே காட்டும். பிரினெலின் பெரிய உருண்டையோ பரந்த இடத்தை அழுத்திப் பொதுவான அளவைத் தரும். அதனால் வார்ப்பாலைகளில் இன்றும் அவ்வுருண்டையே அழுத்திக்கொண்டிருக்கிறது.