தொழுநோய்க் கிருமியைக் கண்ட ஹன்சன்

மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு என்றொரு சிறு தீவு உண்டு. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை அமைந்தது. கரையில் நிற்போர்க்கு அது கண்ணுக்கெட்டும் தொலைவே. அங்கு அனுப்பப்பட்டோர்க்கோ ஊரும் உறவும் எட்டாத் தொலைவாயின. அவர்களைப் பிரித்து வைத்த அந்நோயின் காரணத்தை முதன்முதலிற் கண்டவர் நோர்வே நாட்டு வைத்தியர் ஆர்மவர் ஹன்சன்.

1841ஆம் ஆண்டு பேர்கன் நகரிற் பிறந்த ஹன்சன், மருத்துவம் கற்று, அந்நகரின் தொழுநோய் வைத்தியசாலையிற் பணி ஏற்றார். அங்கே பெரும் புகழ் பெற்றிருந்த டானியல்சன், தொழுநோய் பரம்பரையாக வருவது என்ற கொள்கையினர். அவரே பின்னர் ஹன்சனுக்கு மாமனாருமானார். ஆயினும் உறவுக்காக உண்மையை விட்டுக்கொடுக்க ஹன்சன் உடன்படவில்லை. நோயாளர் வாழ்ந்த ஊர்களை ஆராய்ந்து, இது தொற்றுநோயே எனத் துணிந்தார். 1873ஆம் ஆண்டில், நோயாளியின் தோற்கட்டியிலிருந்து எடுத்த பொருளில் கோல் வடிவான நுண்கிருமிகளைக் கண்டார். காசநோய்க் கிருமியைக் கொக் அறிவித்ததற்கு ஒன்பது ஆண்டுகள் முந்திய செய்தி இது.

கண்டது பெரிதேனும் அதை நிறுவுவது அரிதாயிற்று. உடலுக்கு வெளியே அக்கிருமியை வளர்க்க அவர் எடுத்த முயற்சிகள் யாவும் வீணாயின. அந்த ஆற்றாமையே அவரைத் தவறான வழியிற் செலுத்தியது. 1879இல், ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவள் இசைவின்றி, வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைச் செலுத்தினார். வழக்கு மன்றேறியது. 1880இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, வைத்தியசாலைப் பதவியிலிருந்து நீக்கியது. நாட்டின் தொழுநோய்த் தலைமை வைத்தியர் என்ற பொறுப்பு மட்டும் அவரிடமே நிலைத்தது.

அவர் முயற்சி ஏன் பலிக்கவில்லை? விடை 2001இல் கிடைத்தது. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற கிருமியின் மரபுப்பொருள் முழுவதையும் அறிஞர் அவ்வாண்டிற் படித்து வெளியிட்டனர். அதன் உறவினமாகிய காசநோய்க் கிருமியிடம் ஏறக்குறைய 4,000 பரம்பரையலகுகள் உள்ளன. தொழுநோய்க் கிருமியிடமோ வேலை செய்பவை 1,600 அளவே. 1,100க்கு மேற்பட்டவை சிதைந்து பயனற்றுக் கிடக்கின்றன. மனித உயிரணுவினுள் ஒதுங்கி, வேண்டுவன அனைத்தையும் அதனிடமே பெற்று வாழத் தலைப்பட்ட கிருமிக்குத் தானே உழைக்கும் கருவிகள் வேண்டாதனவாயின. பழுதுற்ற அலகுகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டன. அதனாலேதான் அது செயற்கை ஊடகத்தில் இன்றளவும் வளர்வதில்லை. உடலினுள்ளும் ஒருமுறை பெருக இரு வாரமளவு ஆகின்றது. டார்வின் கொள்கையிற் பெரும் பற்றுக் கொண்டிருந்த ஹன்சன் தேடிய விடை, அக்கொள்கையின் வழியிலேயே இருந்தது. ஆயினும் அதைக் காணும் கருவி அவர் காலத்தில் இல்லை.

நோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டங்கள் 1877இலும் 1885இலும் நோர்வேயில் இயற்றப்பட்டன. அவற்றின் பின்னின்ற கருத்து ஹன்சனுடையது. அங்கே நோய் குறைந்தது. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. பல இடங்களில் அது ஆயுட்சிறையாக முடிந்தது.

1912இல் ஹன்சன் மறைந்தார். பெரும்பாலான மனித உடல்கள் இக்கிருமியைத் தாமே எதிர்த்து வெல்லும் என்பதை இன்று அறிவோம். 1980களிலிருந்து கூட்டு மருந்துகள் நோயை முற்றாகத் தீர்க்கின்றன. தொழுநோய் பழிக்குரிய பரம்பரைக் குறையன்று, கிருமியால் வருவது என்று உலகுக்குக் காட்டியவர் ஹன்சன். அந்தப் பெருமையை நினைக்கும்போது, இசைவு கேட்கப்படாத அப்பெண்ணையும், மாந்தீவிலிருந்து கரையைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர்களையும் உடன் நினைப்பதே முறை.