கம்பளம் நெய்த கவிஞர்

அழகிய பொருளொன்றைக் காணுமிடத்து அதன் விலையை வினவுவார் பலர். அதனைச் செய்தவர் மகிழ்ந்து செய்தனரோ, வருந்திச் செய்தனரோ என வினவுவார் சிலரே. அச்சிலருள் ஒருவர் வில்லியம் மாரிஸ்.

இவர் 1834-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ என்னும் ஊரிலே செல்வக் குடியிற் பிறந்தார். 1853-இல் ஆக்ஸ்போர்டு சென்று எக்ஸெட்டர் கல்லூரியிற் பயின்றார். குருவாகித் திருச்சபைக்கு ஊழியஞ் செய்தலே அப்போது அவர் கருத்து. ஆயின் 1855-இல் நண்பர் பர்ன்-ஜோன்ஸுடன் பிரான்சு நாட்டுப் பழம்பெருங் கோயில்களைக் கண்டு வந்தபின், கலையே தம் ஊழியம் எனத் துணிந்தார். பின்னர்க் கவிஞராய்ப் புகழெய்தினார். 1861-இல் நண்பர் சிலரோடு கூடி, இல்லங்களுக்கு அழகூட்டும் பொருள்களைச் செய்யும் நிலையமொன்றை நிறுவினார்.

அக்காலத்து இங்கிலாந்திலே கம்பளத்தொழில் பெரிதும் நீராவித் தறிகளின் வயப்பட்டிருந்தது. கிட்டர்மின்ஸ்டர் என்னும் வகை, இரண்டு மூன்று துணிகள் ஒன்றோடொன்று பிணைந்தாற்போன்ற தட்டை நெசவு. பிரஸ்ஸல்ஸ் வகையிலோ கம்பளிப் பாவிழைகள் கம்பிகளின்மேல் வளைந்து கண்ணிகளாய் நிற்கும். வில்ட்டன் வகையிலே, கம்பியை உருவும்போது அதன் முனையிலுள்ள கத்தி அக்கண்ணிகளை அறுத்துவிட, மெல்லிய மயிர்ப்பரப்புத் தோன்றும். எவ்வண்ண இழை எங்கே மேலெழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளே வகுக்கும். ஆதலின் வண்ணங்கள் சிலவாகும். ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வரும்.

மாரிஸ் இத்தறிகளை வெறுத்தொதுக்கவில்லை. அவ்வகைகளுக்குத் தாமே கோலம் வரைந்து, பிறர் ஆலைகளில் நெய்வித்தார். செயற்கைச் சாயங்களின் தரத்தில் மனநிறைவு கொள்ளாது, லீக் நகரிலே தாமஸ் வார்டிலின் சாயச்சாலையில், கைகளில் நீலம் படிய அவுரித் தொட்டியருகே நின்று பழஞ்சாயமுறைகளைக் கற்றார்.

ஆயினும் அவருள்ளம் பாரசீகக் கம்பளங்களையே நாடிற்று. 1878-இல் கையால் முடிச்சிடும் கம்பளத் தொழிலைத் தொடங்கி, தேம்ஸ் ஆற்றங்கரையில் ஹாமர்ஸ்மித்திலிருந்த தம் இல்லத்து வண்டிக்கொட்டகையில் தறிகளை நாட்டினார். நிமிர்ந்து நின்ற பாவிழைகளின் முன்னே பெண்கள் அமர்ந்து, முடிச்சு முடிச்சாகக் கம்பளியைக் கட்டினர். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையிழை செலுத்திச் சீப்பால் அடித்து இறுக்கினர். பின் கத்தரியால் மட்டஞ் செய்தனர். சுத்தியலும், மாரிஸ் பெயரின் முதலெழுத்தும், ஆற்றலையும் அக்கம்பளங்களின் முத்திரையாயின. 1881-இல் தொழில் மெர்ட்டன் அபே என்னுமிடத்திற்கு மாறியது.

ஈண்டு அவரை வருத்திய முரண்பாடு ஒன்றுண்டு. எளியோர் இல்லத்தும் அழகு வேண்டும், செய்வோர்க்கும் மகிழ்ச்சி வேண்டும் என அவர் விழைந்தார். கைக்கம்பளம் செய்வோர் திறத்தைப் போற்றிற்று. ஆனால் செலவு மிகுதியால் செல்வர் மாளிகைக்கே சென்றது. ஆலைக்கம்பளம் விலை குறைந்து பலரை அடைந்தது. ஆனால் தொழிலாளியைத் தறியின் ஏவலாளாக்கிற்று. குறை தறியில் மட்டுமன்று, சமுதாய அமைப்பிலேயே உள்ளது எனக் கண்ட மாரிஸ், 1883-இல் சமதர்ம இயக்கத்திற் சேர்ந்தார். தறிகள் நின்ற அவ்வண்டிக்கொட்டகையே பின்னர்ச் சமதர்மச் சொற்பொழிவு மன்றமாயிற்று.

1893-இல் பாரசீக நாட்டு அர்தபில் கம்பளத்தைத் தென்கென்சிங்டன் அருங்காட்சியகம் 2,000 பவுனுக்கு வாங்குமாறு அறிவுரை கூறியவருள் மாரிஸும் ஒருவர். 1539-40-இல் முடிந்த அக்கம்பளத்தில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட முடிச்சுகள் உள. மக்சூது என்னும் ஒரு பெயரே அதில் நெய்யப்பட்டுள்ளது; முடிச்சிட்ட மற்றைக் கைகளுக்குப் பெயரில்லை.

1896-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், தமது அறுபத்திரண்டாம் வயதில் மாரிஸ் மறைந்தார். அவர் தேடிய விடை அவர் வாழ்நாளிற் கிடைக்கவில்லை. எனினும் குருப்பட்டம் பெறாத அவர், உழைப்போனை மறந்து பொருளை மட்டும் புகழ்தல் தகாது என்னும் அறத்தைத் தம் வாழ்வாற் போதித்துச் சென்றார். நம் காலடியிற் கிடக்கும் விரிப்பை நோக்குந்தோறும், அதனை நெய்த கைகளையும் நினைப்போமாக.