ஈறில் ரத்தம் வருதா? காபி குடித்தே பாக்டீரியாவின் பதுங்குமிடத்தைக் கண்ட துணி வியாபாரியின் கதை

காலையில் பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் லேசா ரத்தம். கொப்பளித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிடுறோம். அந்த ரத்தம் யாருக்குச் சாப்பாடு தெரியுமா?

யார் இந்த லீவன்ஹூக்?

ஆண்டனி வான் லீவன்ஹூக், 1632இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். கல்லூரிப் பக்கம் போனதில்லை, லத்தீனும் தெரியாது. துணி வியாபாரம் பார்த்துக்கொண்டே, 200 மடங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கிகளைத் தானே செய்தார்.

மிளகில் தொடங்கியது

மிளகு ஏன் காரமா இருக்கு? இதை அறிய 1676இல் மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். கண்ணில் பட்டது பாக்டீரியா! இதே மிளகு வணிகத்துக்காகத்தான் டச்சு கம்பெனி 1663இல் கொச்சியைப் பிடித்திருந்தது. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதும் அதே கம்பெனிதான்.

காபி சொன்ன சேதி

லீவன்ஹூக் தினமும் உப்பால் பல் துலக்குபவர். அப்படியும் பல் இடுக்கில் இருந்த வெள்ளைப் படிவத்தில் உயிர்கள் நெளிவதை 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வாழ்நாளில் பல்லே துலக்காத ஒரு முதியவரின் வாயில் அவை எக்கச்சக்கம்.

1692இல் இன்னொரு கடிதம். சூடான காபி குடித்தபின் முன்பற்களில் அவை செத்துக் கிடந்தன. கடைவாய்ப் பல் இடுக்கில் உயிரோடு இருந்தன. அதாவது, சூடு எட்டாத இடத்தில் அவை பிழைத்துக்கொண்டன.

இன்று தெரிவது என்ன?

ஈறு வீங்கினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆழமாகும். அங்கே ஆக்சிஜன் குறைவு. ரத்தமும் புரதமும் தாராளம். ஆக்சிஜன் பிடிக்காத போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு அது சரியான இடம். ரத்தத்திலுள்ள இரும்புச்சத்தை அவை எடுத்துக்கொள்ளும். அவை பெருகப் பெருக வீக்கம் கூடும். வீக்கம் கூடக் கூட அவற்றுக்குத் தீனி கூடும். கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும்.

லீவன்ஹூக் 1723இல், 90 வயதில் இறந்தார். அவருடைய காபி போலத்தான் நம் மவுத்வாஷும்: ஆழத்துக்குப் போய்ச் சேராது. 1959 முதல் இயங்கும் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியோ, பக்கத்து கிளினிக்கோ, அந்த ஆழத்தை மெல்லிய கம்பியால் அளந்து பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ரத்தம் வந்தால் தள்ளிப்போடாதீங்க.