ஆளைப் பார்த்துப் பொருள் செய்த ஜி.டி. நாயுடு

வலையபட்டியிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்தபோது ஜி.டி. நாயுடு எனக்கு வெறும் பெயர்தான். வேலைக்குப் போய் அடிபட்ட பிறகுதான் அவர் அருமை புரிந்தது.

1893-ல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் சர்வர் வேலை செய்து காசு சேர்த்து வண்டி வாங்கினார். வாங்கியதும் அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்தார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஒரே பஸ்ஸைத் தானே ஓட்டினார், அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அவர் செய்த சாமான்களைப் பாருங்க. மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி. பாட்டரியில் ஓடும் 'ரேசன்ட்' ரேசர். 1941-ல் 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ. வாங்குறவர் வீட்டில் கரண்ட் இருக்கா, கையில் எவ்வளவு இருக்குங்கிற கணக்கு எல்லாத்திலும் தெரியும்.

நான் முதலில் வரைந்த பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு பட்டனும் ஒரே மாதிரி. எங்க பெரியப்பா இருட்டில், ஈரக் கையோடு தடவித் தடவித் தேடினார். எனக்கு வெட்கமாப் போச்சு. வரையும்முன் ஒரு ராத்திரி கிணற்றடியில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாயிருந்த நாயுடு, 1974-ல் மறைந்தார். மாணவத் தம்பி தங்கைகளே, ப்ராஜெக்டுக்குப் பேப்பரை எடுக்கும்முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர் பக்கத்தில் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.