குமாரமங்கலம் டாக்டர் சுப்பராயன்

திருச்செங்கோட்டு மலையைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளி பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளையும் அப்புன்செய்க் காடுகளினிடையே குமாரமங்கலம் என்னும் ஊர் உளது. முன்னாளில் சேலம் ஜில்லாவிலும், 1997-ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்திலும் சேர்ந்த இவ்வூரின் ஜமீன் குடும்பத்தினின்றும் தோன்றிய ஒருவர், ஒருகால் சென்னை மாகாணம் முழுமைக்கும் முதன் மந்திரியாய் வீற்றிருந்தார். அன்னாரே டாக்டர் ப. சுப்பராயன். இக்காலத்து மாணவர்களுள் பலர் அவருடைய மக்களின் பெயர்களை அறிவர். அவர் பெயரை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை, சிறப்பாக 1926-ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி அவர் பதவி எய்திய விந்தையை, ஈண்டுச் சுருங்க வரையப் புகுந்தோம்.

சுப்பராயன் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பரமசிவக் கவுண்டர். சென்னை நியூயிங்டன் பள்ளியிலும், பின்னர் பிரஸிடென்ஸி கல்லூரியிலும் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்வி பயின்றார். கிறிஸ்தவக் கல்லூரி அந்நாளில் தாம்பரத்திற்குப் பெயரவில்லை. நகரத்தின் நடுவே கோர்ட்டுகளுக்கும் கடைத்தெருக்களுக்கும் அண்மையில் இருந்தது. பிறகு சீமை சென்று ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியில் சட்டம் கற்றுப் பட்டம் பெற்றார். டப்ளின் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டமும் அடைந்தார். 1918-இல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

அவர் வாழ்க்கையில் முதன்முதல் வெளிப்பட்ட துணிவு அரசியலில் அன்று, இல்லறத்திலேயே ஆகும். 1912-இல் அவர் மணந்த ராதாபாய் அம்மையார் மங்களூர்க் குத்முல் ரங்கராவ் அவர்களின் புதல்வியார். ரங்கராவ், தாழ்த்தப்பட்டோர் குழந்தைகளுக்குப் பள்ளிகள் ஏற்படுத்தித் தம் சாதியாரின் வெறுப்புக்கு ஆளான பெரியார். கொங்கு நாட்டு ஜமீன் குடும்பத்து இளைஞர் ஒருவர் சாரஸ்வத பிராமணக் குலத்துப் பெண்ணைக் கைப்பிடித்தல் அக்காலத்தில் எத்துணைப் பெரிய செயல் என்பதை இன்று நாம் எளிதில் உணர்தல் அரிது. அம்மையாரும் ஆக்ஸ்போர்டில் கற்றவர். 1930-இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேஜை மகாநாட்டிற்கு அழைக்கப்பெற்ற இரு மாதருள் ஒருவர். 1938-இல் இந்திய ராஜாங்க சபையில் அமர்ந்த முதற் பெண்மணி. கணவரைப் பற்றிய கட்டுரை மனைவியாரைப் பற்றியதாய் விடுமோ என்ற அச்சத்தால் இவ்வளவில் நிறுத்துகிறோம்.

இனி 1926-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்து மக்கள் வோட்டுச் சீட்டு இட்டு, ஆல்பிரட் ஸ்மித் என்பாரை நான்காம் முறையாகத் தங்கள் கவர்னராகத் தேர்ந்தெடுத்தனர். ஏழைக் குடியிற் பிறந்து மீன் சந்தையில் வேலை பார்த்தவர் அவர். அதே மாதத்தில் நம் மாகாணத்திலும் தேர்தல் நிகழ்ந்தது. ஆயின் இங்குக் கவர்னரை மக்கள் தேர்வதில்லை. அவர் லண்டனிலிருந்து அனுப்பப்படுவார். மக்கள் தேர்ந்தது சட்டசபை அங்கத்தினரை மாத்திரமே. அதிலும் சொத்தும் வரியும் உடையார்க்கே வோட்டுரிமை. அங்கத்தினர் நூற்று முப்பத்திருவருள் 98 பேர் தேர்தலால் வருவர். எஞ்சியோரைக் கவர்னரே நியமிப்பர். மந்திரிகளைப் பொறுக்குபவரும் அவரே.

இவ்வேற்பாட்டிற்கு இரட்டையாட்சி என்று பெயர். 1919-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், விவசாயம் போன்றவை மந்திரிகளிடம் விடப்பட்டன. போலீஸ், நிலவரி, பொக்கிஷம், நீர்ப்பாசனம் முதலியன கவர்னருடைய நிர்வாக சபையின் கையிலேயே நின்றன. சுருங்கச் சொன்னால், செலவு வைக்கும் இலாகாக்கள் மந்திரிகளுக்கும், பணப்பெட்டியின் திறவுகோல் மற்றவர்களுக்கும் ஆயின. ஓர் உதாரணம் காட்டுவோம். மேட்டூரில் காவிரிக்கு அணைகட்டும் பெருவேலை 1925-இல் ஆரம்பித்து 1934-இல் முற்றுப்பெற்றது. அவ்வேலை நடந்த காலத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் சேலம் ஜில்லாக்காரரே முதன் மந்திரி. எனினும் தம் ஊர்ப்பக்கத்து அணையில் ஒரு கல்லையேனும் இடம் மாற்ற அவருக்கு அதிகாரம் இருந்ததில்லை!

1920 முதல் ஆட்சியில் இருந்தது ஜஸ்டிஸ் கட்சி. பனகல் ராஜா அதன் தலைவர். 1926 தேர்தலில் அக்கட்சிக்கு 21 ஸ்தானங்களே கிடைத்தன. சுயராஜ்யக் கட்சியார் 41 ஸ்தானங்களைக் கைப்பற்றினர். மாதர்களும் அபேட்சகராய் நிற்கலாம் என்ற உரிமை அத்தேர்தலில்தான் வந்தது. மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயர் சொற்ப வோட்டுகளில் தோற்றார். தனிப்பெருங் கட்சியாய் வந்த சுயராஜ்யக் கட்சியாரைக் கவர்னர் கோஷன் பிரபு மந்திரி சபை அமைக்க அழைத்தார். அவர்களோ, இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரஸ் தீர்மானத்திற்குக் கட்டுப்பட்டு மறுத்தனர். ஜஸ்டிஸ் கட்சியாரும் தம் சிறுபான்மையைக் கருதி விலகினர். வென்றவர் வேண்டாமென்றார், தோற்றவர் முடியாதென்றார். பந்தலில் பந்தி விரித்தாயிற்று, உட்காருவார் இல்லை என்பது போலாயிற்று நிலைமை.

இந்நிலையிலேதான் கவர்னரின் பார்வை கட்சி சாராத அங்கத்தினர்பால் திரும்பிற்று. முப்பத்தேழு வயதினரான சுப்பராயன் அவர்களுள் முன்னின்றவர். 1926 டிசம்பர் 4-ஆம் நாள் அவர் முதன் மந்திரியாயினார். அ. ரங்கநாத முதலியார், ஆ. ந. ஆரோக்கியசாமி முதலியார் என்போர் உடன் மந்திரிகள். இம்மந்திரி சபைக்குப் பக்கபலமாகும்படி நியமன அங்கத்தினர்களைக் கவர்னர் அமர்த்தினார். ஜனங்கள் பொறுக்கியெடுத்த இரு பெருங் கட்சிகளும் எதிர்வரிசையில் இருக்க, கவர்னர் மாளிகையின் நிழலில் ஓர் ஆட்சி நடந்தது. எதிரிகள் அதனைப் பொம்மையாட்சி என இகழ்ந்தனர். 1927 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணரப்பட்டு, நியமன அங்கத்தினரின் ஆதரவால் தோல்வியுற்றது. இகழ்ச்சியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், எவரும் ஏற்காவிடின் அவ்விலாகாக்களும் கவர்னர் கைக்கே திரும்பியிருக்கும் என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது.

உண்மையான சோதனை 1928-இல் வந்தது. இந்தியாவின் அரசியல் தகுதியை ஆராய வந்த சைமன் கமிஷனில் இந்தியர் ஒருவரும் இல்லை. அதனைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்று சென்னைச் சட்டசபை தீர்மானித்தது. உடன் மந்திரிகள் இருவரும் தீர்மானத்தின் பக்கம் நின்றனர். முதன் மந்திரி நிற்கவில்லை. அவ்விருவரும் ராஜிநாமாச் செய்தனர்; அவர் செய்யவில்லை. மந்திரி சபை கவிழும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, சு. முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாய் வந்தனர்; ஜஸ்டிஸ் கட்சியாரும் ஆதரவளித்தனர். ஆட்சி பிழைத்தது. அவர் பெருமையோ அன்று குறைவுற்றதென்றே நாம் கருதுகிறோம். சீர்திருத்தத்தைப் படிப்படியாய்ப் பெறலாம் என்ற அவர் கொள்கை நேர்மையானதாய் இருக்கலாம்; ஆயினும் தாம் தலைமை வகித்த சபையின் தீர்ப்புக்கு எதிராக நாற்காலியில் நிலைத்தல், அந்நாற்காலி எவர் அளித்தது என்பதை நாட்டிற்கு நினைவூட்டிற்று.

ஆயினும் அந்நான்காண்டுகளிற் சட்டசபை பயனற்றிருந்ததென்று கூறுதல் பொருந்தாது. இந்தியாவின் முதற் பெண் சட்டசபை அங்கத்தினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் உபதலைவராய் விளங்கியதும், கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக வாதாடியதும் அச்சபையிலேதான். 1928 டிசம்பரில் முத்தையா முதலியார் வெளியிட்ட உத்தியோகப் பங்கீட்டு உத்தரவு, பன்னிரண்டு ஸ்தானங்களில் பிராமணரல்லாத ஹிந்துக்களுக்கு ஐந்தும், பிராமணர், முஸ்லிம்கள், கிறிஸ்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகிய வகுப்பாருக்கு இவ்விரண்டும், தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றும் என வகுத்தது. மாகாணத்திற்கெனச் சர்வீஸ் கமிஷன் 1929-இல் ஏற்பட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை எழுந்ததும் அவ்வாண்டே. இவை யாவும் அவர் ஒருவர் செயல் அல்ல. எனினும் அவர் ஆட்சிக் காலத்தன.

இங்கு அயல் ஊர்ச் செய்தியொன்று கூறாமலிருக்க இயலவில்லை. 1925-இல் ராஜகோபாலாச்சாரியார் திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடிசையில் வாழலானார். அவரும் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, நகரசபைத் தலைவராய் இருந்தவர். ஒரே தாலூகாவில் ஒருவர் ஜமீன் வீட்டினின்று சட்டசபைக்குச் சென்று கவர்னருடன் அமர்ந்தார். மற்றவர் சட்டசபையை வெறுத்துக் கதர் நூற்கக் கற்பித்தார். 1930 ஏப்ரலில் ஆச்சாரியார் வேதாரண்யத்திற்கு உப்பு யாத்திரை சென்று சிறை புகுந்தபோது, அவருடைய அண்டை ஊர்க்காரரே முதன் மந்திரி. போலீஸ் இலாகா அவர் கையில் இல்லை என்பது மெய். அது எத்துணை ஆறுதல் தந்திருக்குமோ!

1930 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி மீண்டும் வென்றது. அக்டோபர் 27-ஆம் நாள் முனுசாமி நாயுடு முதன் மந்திரியாயினார். பதவியிழந்த பின்னரே சுப்பராயன் உயர்ந்தார் என்பது எம் துணிபு. 1932-இல், காந்தியடிகளின் உண்ணாவிரதத்தாலும் குருவாயூர்ச் சத்தியாக்கிரகத்தாலும் தேசம் கலங்கியிருந்த வேளையில், தாழ்த்தப்பட்டோருக்கு ஆலயங்கள் திறக்கப்படல் வேண்டுமென்ற தீர்மானத்தை நவம்பர் முதல் நாள் சட்டசபையில் அவர் கொணர்ந்தார். தீர்மானம் நிறைவேறிற்று. அதனைச் சட்டமாக்க அவர் எழுதிய மசோதாவுக்கு 1933 ஜனவரியில் வைஸிராய் அனுமதி மறுத்தார். இப்போது கவர்னரின் தயவும் இல்லை, பதவியும் இல்லை. ஆயின் இச்செயலைப் பொம்மை என்பார் எவருமிலர்.

பின் காங்கிரஸில் சேர்ந்தார். 1937 ஜூலையில் ராஜகோபாலாச்சாரியார் பிரதம மந்திரியானபோது, முன்னாள் முதன் மந்திரி அவர்கீழ்ச் சட்டமும் கல்வியும் பார்க்கும் மந்திரியாய் அமர்ந்தார். ஒருமுறை தலைமை வகித்தவர் மற்றொருவர் கீழ்ப் பணியாற்றுதல் நம் நாட்டில் அடிக்கடி காணும் காட்சியன்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கு முதன்முதல் அமலுக்கு வந்தது இருவருக்கும் உரிய சேலம் ஜில்லாவிலேயே. ஆலயப் பிரவேசச் சட்டமும் அந்த ஆட்சியில், 1939-இல் வந்தது. அதே ஆட்சி ஹிந்துஸ்தானியைப் பள்ளிகளிற் கட்டாயமாக்கித் தமிழ்நாட்டின் பெருங்கிளர்ச்சிக்கு ஆளாயிற்று. கல்வி மந்திரி என்ற முறையில் அப்பழியில் இவருக்கும் பங்குண்டு. 1955-இல் அமைந்த ஆட்சிமொழிக் கமிஷனில் அங்கத்தினராயிருந்த அவரே, ஹிந்தியை விரைந்து புகுத்தும் போக்கிற்கு மாறாகத் தனிக் குறிப்பு எழுதினார் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

கிரிக்கெட் விளையாடும் மாணவர்களுக்கு ஒரு செய்தி: 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் தலைவர் இவரே.

அரசியல் நிர்ணய சபையிலும் அமர்ந்தார். 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரி சபையில் உள்நாட்டு இலாகா இவரிடம் வந்தது. 1926-இல் கிட்டாத போலீஸ் அதிகாரம் இப்போது கிட்டிற்று. கிட்டிய வேளையோ கொடியது. சர்க்காருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் பகை முற்றியிருந்த நாட்கள் அவை. இவர் புதல்வர் மோகன் குமாரமங்கலமும் புதல்வி பார்வதியும் அக்கட்சியில் முன்னணியில் நின்றவர்கள். மூத்த புதல்வர் பரமசிவமோ ராணுவத்தில் அதிகாரி. பிற்காலத்தில் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியானவர். ஒரு வீட்டின் உணவு மேஜையில் அரசாங்கமும் ராணுவமும் புரட்சியும் எதிரெதிரே அமர்ந்திருந்தன போலும். தம் மக்களைத் தம் கொள்கைக்குத் திருப்ப முடியாதவர் என்று சிலர் நகைத்ததுண்டு. சாதியைப் பொருட்படுத்தாது மணந்த தாய்தந்தையர்க்குப் பிறந்தோர் தாமே வழி தேர்ந்ததில் வியப்பென்ன?

அம்மந்திரி சபையின் காலத்தில்தான் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் உருப்பெற்றது. குமாரமங்கலம் ஜமீன்தாரும் அம்மந்திரிகளுள் ஒருவராய் இருந்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1949 முதல் 1951 வரை இந்தோனேஷியாவில் இந்திய ஸ்தானாதிபதியாய் இருந்தார். ராஜ்ய சபையில் சில ஆண்டுகள் கழித்து, 1957-இல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து லோக சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இம்முறை சொத்துடையாரேயன்றி, அச்சோளக் காட்டு உழவரும், கைத்தறி நெசவாளரும், அவர்தம் மனைவியரும் வோட்டளித்தனர். 1959 முதல் 1962 வரை நேரு மந்திரி சபையில் போக்குவரத்து இலாகாவை ஏற்றார்.

1962 ஏப்ரலில் அவர் மகாராஷ்டிர ராஜ்யத்தின் கவர்னராக நியமிக்கப்பட்டார். கவர்னர் ஒருவரின் அழைப்பால் முப்பத்தாறு ஆண்டுகட்கு முன் அரசியலில் உயர்ந்தவர், இப்போது தாமே கவர்னர் மாளிகையில் அமர்ந்தார். ஆயின் மந்திரிகளைத் தம் விருப்பப்படி பொறுக்கும் அதிகாரம் அம்மாளிகையில் அப்போது இல்லை. ஆறு மாதமே அங்கிருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் நாள், தமது எழுபத்துமூன்றாம் வயதில், பதவியிலிருக்கும்போதே காலமானார்.