கிட்டார் வாசிக்கத் தெரியாமலேயே கிட்டாரின் தலையெழுத்தை மாற்றிய லியோ ஃபெண்டர்

கோயில் திருவிழா மேடையோ, கல்யாண விருந்தோ, பெரிய அரங்கோ, மின்கிட்டார் ஒலிக்கும் இடங்களில் ஒரு வடிவத்தை அடிக்கடி காணலாம். மேலே இரண்டு கொம்புகள், வளைந்த இடுப்பு, ஒரே பக்கத்தில் வரிசையாக ஆறு முறுக்காணிகள். அந்த வடிவம் பிறந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. அதை உருவாக்கியவர் இசைக்கலைஞர் அல்லர். ரேடியோ பழுதுபார்த்துப் பிழைத்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கவும் தெரியாது.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பிள்ளை

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் என்பது அவரது முழுப்பெயர். 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அனஹைம், ஃபுல்லர்டன் என்ற இரு ஊர்களுக்கு இடையே அவருடைய பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தனர்.

எட்டு வயதில் கட்டி ஒன்றினால் இடது கண்ணை இழந்தார். வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணே அவருக்குத் துணையானது. 13 வயதில், கார்களுக்கு மின்வேலை செய்யும் பட்டறை நடத்திய உறவினர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பழைய ரேடியோ பாகங்களைக் கொடுத்தார். அதிலிருந்து அவரது கவனம் மின்னணுப் பொருள்களை விட்டு விலகவில்லை. பியானோவும் சாக்சபோனும் சிறிது கற்றார். கிட்டார் பக்கம் போகவில்லை.

கல்லூரியில் படித்தது கணக்கியல். 1934-இல் எஸ்தர் என்பவரை மணந்தார். பொருளாதார மந்த காலத்தில் கணக்கர் வேலை நிலைக்கவில்லை. அரசு வேலையும் போனது, பின்னர் கிடைத்த டயர் நிறுவன வேலையும் போனது. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார்.

கடைக்கு வந்த கலைஞர்கள்

கடைக்கு ரேடியோக்களோடு இசைக்கலைஞர்களின் ஆம்ப்ளிஃபையர்களும் பழுதுக்கு வந்தன. எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது, எதைக் கழற்றுவது சிரமம், எது மேடையில் திடீரெனக் காலை வாருகிறது என்பதெல்லாம் அவருக்கு அந்த மேசையில்தான் தெரிய வந்தது. கண்ணின் காரணமாக இரண்டாம் உலகப் போரின்போது அவர் படையில் சேர்க்கப்படவில்லை. அந்தக் காலத்தில் டாக் காஃப்மன் என்ற இசைக்கலைஞருடன் கூட்டுச் சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் செய்தார். 1946-இல் காஃப்மன் விலகிக்கொள்ள, லியோ தம் பெயரிலேயே நிறுவனத்தைத் தொடர்ந்தார். பணத்தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்த ஆண்டுகளில், தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எஸ்தரின் சம்பளம் குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

அக்காலத்து மின்கிட்டார்கள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடம் கொண்டவை. ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கூட்டினால் அந்த ஒலியே கிட்டாரின் கூட்டை அதிரவைத்து, ஊளைச் சத்தமாகத் திரும்பி வரும். கூடு இல்லாமல் முழு மரப்பலகையில் கிட்டார் செய்தால் இந்தத் தொல்லை குறையும். இந்த யோசனை லியோவுக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியது. ஓரிருவர் செய்தும் பார்த்திருந்தனர். அதைத் தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்யக்கூடிய, எளிதில் பழுதுபார்க்கக்கூடிய பொருளாக மாற்றியதே லியோவின் சாதனை.

பலகை, கழுத்து, நான்கு திருகாணிகள்

1950-இல் அந்தக் கிட்டார் வெளிவந்தபோது, மற்ற உற்பத்தியாளர்கள் அதைப் படகுத் துடுப்பு என்றும் பனி வாரும் மண்வெட்டி என்றும் கேலி செய்தனர். பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆஷ் மரப்பலகையில் வெட்டிய தட்டையான உடல். மேப்பிள் மரத்தில் ஒரே துண்டாகச் செதுக்கிய கழுத்து. பரம்பரைக் கிட்டார் ஆசாரிகள் கழுத்தைப் பசை போட்டு உடலோடு ஒட்டுவார்கள். லியோ நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். கிட்டாரை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பும் எளிமையானது. கம்பிகளுக்கு அடியில் ஆறு சிறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே உலோகக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, செம்புக்கம்பியில் மெல்லிய மின்சாரம் உண்டாகிறது. அதுவே ஆம்ப்ளிஃபையருக்குச் சென்று ஒலியாகிறது. ஒற்றைச் சுருள் என்பதால் அதன் ஓசை கணீரென்று தெளிவாக இருக்கும். அதே காரணத்தால் சற்று இரைச்சலும் சேர்ந்து வரும்.

தவறுகளும் நேர்ந்தன. கழுத்துக்குள் இரும்புக் கம்பி தேவையில்லை என்று லியோ முதலில் நினைத்தார். தந்திகளின் இழுவிசையில் கழுத்து வளையும் என்று விற்பனைப் பொறுப்பாளர் டான் ராண்டல் வற்புறுத்தவே, பின்பக்கத்திலிருந்து கம்பியைப் பொருத்தி, மேலே கறுத்த மரத்துண்டால் மூடினார். கழுத்தின் பின்னால் இன்றும் காணப்படும் அந்தக் கறுப்புக் கோடு இப்படித்தான் வந்தது.

பெயரிலும் சிக்கல். பிராட்காஸ்டர் என்று பெயரிட்டால், கிரெட்ச் நிறுவனம் அதே ஓசையுள்ள பெயரில் தனது டிரம்கள் இருப்பதாக ஆட்சேபித்தது. தொழிலாளர்கள் ஒட்டுச்சீட்டில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டுக் கிட்டார்களை அனுப்பினர். 1951-இல் டெலிகாஸ்டர் என்ற புதுப்பெயர் வந்தது. அதே ஆண்டில், ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து அலைந்தவர்களுக்காக, தோளில் மாட்டும் மின் பேஸ் கிட்டாரையும் லியோ வெளியிட்டார்.

விலா எலும்பு சொன்ன பாடம்

தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், வாசிப்பவர்கள் சொல்வதை லியோ உன்னிப்பாகக் கேட்டார். டெலிகாஸ்டரின் கூரான விளிம்பு விலாவில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்ற கலைஞர்கள் குறைபட்டனர். ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே சரிசெய்ய முடியவில்லை என்பது இன்னொரு குறை. 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இந்தக் குறைகளுக்கான பதில். ஹவாயில் பிறந்த இசைக்கலைஞர் ஃபிரெடி டவாரெஸ் அதன் வடிவமைப்பில் துணைநின்றார்.

விலா படும் இடமும் முன்கை படும் இடமும் வழித்துச் செதுக்கப்பட்டன. மூன்று பிக்கப்புகள், ஆறு தந்திக்கும் ஆறு தனித்தாங்கிகள். பின்புறக் குழியில் சுருள்வில்கள் தந்திகளின் இழுப்பை எதிர்த்து இழுக்கின்றன. ஒரு கைப்பிடியை அழுத்தினால் சுருதி வளைந்து, விட்டால் திரும்புகிறது. மின் பாகங்கள் பெரும்பாலும் முன் தகட்டிலேயே பொருத்தப்பட்டதால், அதைக் கழற்றினால் உள்வேலை கைக்கு வந்துவிடும். பழுதுபார்ப்பவரின் மனம் அதில் தெரிந்தது.

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் விசைக்கு மூன்று நிலைகளே இருந்தன. அதை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் புது ஓசை பிறப்பதைக் கலைஞர்கள் கண்டுபிடித்தனர். 1977-இல் தொழிற்சாலையே ஐந்து நிலை விசையைப் பொருத்தத் தொடங்கியது.

இந்தப் புகழில் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு. ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் மெக்சிகோ வம்சாவளியினர் பலர் வேலை செய்தனர். கழுத்தைச் செதுக்கிய டேடியோ கோமஸ் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் பென்சிலால் எழுதினார். 1956-இல் வேலையில் சேர்ந்த அபிகேல் இபாரா பிக்கப் சுற்றுவதில் பெயர் பெற்றார். பழைய கிட்டாரின் வயதை அறிய, சேகரிப்பாளர்கள் இன்று தேடுவது அந்தப் பென்சில் குறிப்புகளைத்தான்.

இந்த அலை நம் வட்டாரத்தையும் தொட்டது. பிரிட்டனின் ஷேடோஸ் குழுவைச் சேர்ந்த ஹேங்க் மார்வினின் அடையாளமே சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி படைத்த பிறகு, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இளைஞர்களின் கிட்டார் குழுக்கள் பெருகின. பாப் யே யே காலத்துக்கு அது ஒரு தூண்டுகோல்.

பெயரை விற்றவர்

1960களின் நடுவில் லியோவை நாட்பட்ட தொற்றுநோய் வாட்டியது. இனி நீண்டநாள் வாழ மாட்டோம் என்று எண்ணினார். 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ் குழுமத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்றார். பின்னர் வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் நோய் குணமானது. ஆனால், ஃபெண்டர் என்ற பெயர் அதற்குள் அடுத்தவர் சொத்தாகிவிட்டது. தம் பெயரைத் தாம் செய்யும் கிட்டாரில் பொறிக்க அவருக்கே உரிமையில்லை. கிட்டார் சந்தையில் பத்தாண்டுகள் போட்டியிடுவதில்லை என்ற நிபந்தனையும் இருந்தது.

சிபிஎஸ் காலத்தில் உற்பத்தி பெருகியது, தரம் சரிந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நான்கு திருகாணிகள் மூன்றாயின. வண்ணப்பூச்சு தடித்தது. 1965-க்கு முந்தைய கிட்டார்களைத் தேடிக் கலைஞர்கள் அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் அலைந்தனர். இறுதியில் நிறுவனமே பழைய கிட்டார்களை ஆராய்ந்து, 1982-இல் 1952, 1957, 1962 ஆகிய ஆண்டுகளின் அமைப்பிலேயே மறுபதிப்புகளை வெளியிட்டது. நான்கு திருகாணியும் மெல்லிய பூச்சும் பழையபடி திரும்பின. 1985-இல் ஊழியர்கள் உள்ளிட்ட குழுவினர் நிறுவனத்தை வாங்கியபோது விலை 12.5 மில்லியன் டாலர். இருபது ஆண்டுகளுக்கு முன் லியோ பெற்றதைவிடக் குறைவு.

இதற்கிடையே லியோ ஓய்ந்திருக்கவில்லை. மியூசிக் மேன் நிறுவனத்தில் பணியாற்றினார். 1976-இல் அங்கு வந்த ஸ்டிங்ரே பேஸ் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1979-இல் எஸ்தர் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டு ஃபிலிஸ் என்பவரை மணந்தார். நெடுநாள் சகா ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் ஜி அண்டு எல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரு பெயர்களின் முதலெழுத்துகள் அவை. தொழிற்கூடம் இருந்த சாலையின் பெயர் ஃபெண்டர் அவென்யூ. கிட்டாரில் பொறிக்க முடியாத பெயர் தெருப்பலகையில் நின்றது.

முதுமையில் பார்க்கின்சன் நோய் கைகளை நடுங்கவைத்தபோதும் அவர் தினமும் பட்டறைக்கு வந்தார். 1991 மார்ச் 21-ஆம் தேதி, 81 வயதில் ஃபுல்லர்டனில் காலமானார். மறு ஆண்டு ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஒரு பொருளைச் செய்யும்போதே, அது ஒருநாள் பழுதாகும், அதை ஒருவர் திறந்து சரிசெய்ய வேண்டிவரும் என்று நினைத்தவர் லியோ. அவர் வடிவமைத்த கிட்டாரின் கழுத்தை ஒரு திருப்புளி கொண்டு இன்றும் கழற்றி மாட்டலாம்.