பனிக்கட்டி மன்னர் பிரெடரிக் டியூடர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவர்

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணிக்கு அருகே, முன்பக்கம் வளைந்து எழுந்து நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கிய இடம் அது. ஆனால் அக்கட்டடம் துறவிக்காகவோ, செல்வருக்காகவோ எழுப்பப்பட்டதன்று. அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது. அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

அந்தப் பனிக்கட்டியை அனுப்பியவர் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர். மின்சாரமும் குளிர்பதனப் பொறியும் இல்லாத காலத்தில், கொதிக்கும் நாடுகளில் குளிர் அறைகளைக் கட்டி வெற்றி கண்டவர். இயற்பியல் மாணவன் என்ற முறையிலும், கறிக்கடைக்காரர் ஒருவரின் மகன் என்ற முறையிலும் அவர் வரலாறு என்னைக் கவர்ந்தது. அதனை நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

இளமை

டியூடர் 1783 செப்டம்பர் 4ஆம் நாள் பாஸ்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவருடைய சகோதரர்கள் புகழ்பெற்ற ஹார்வர்டு கல்லூரியில் பயின்றனர். இவரோ பதின்மூன்றாம் வயதிலேயே பள்ளியை விட்டு வணிகத்தில் இறங்கினார். பின்னர், நோயுற்ற சகோதரர் ஜான் ஹென்றியுடன் உடல்நலம் நாடிக் கியூபாவின் தலைநகரான ஹவானாவுக்குச் சென்றார். அங்கே வெயிலின் கொடுமையை நேரில் உணர்ந்தார். ஜான் ஹென்றி 1802இல் காலமானார்.

பாஸ்டன் பகுதியில் குளிர்காலத்தில் குளங்கள் பாறைபோல் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டி வைத்துக் கோடையில் பயன்படுத்துவது அவ்வூர்ச் செல்வர்களின் வழக்கம். அதனை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன என்று 1805இல் மற்றொரு சகோதரர் வில்லியம் விளையாட்டாகச் சொன்னாராம். பிரெடரிக் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் பயணமும் முதல் இழப்பும்

1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் பனிக்கட்டியுடன் மார்த்தினிக் தீவுக்குக் கப்பலேறினார். உருகும் சரக்கைத் தம் கப்பலில் ஏற்ற எவரும் முன்வராததால் சொந்தமாகவே ஒரு கப்பலை வாங்க வேண்டியதாயிற்று. ஊரார் நகைத்தனர். பனிக்கட்டியின் பெரும்பகுதி உருகாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதை இறக்கி வைக்கக் குளிர் அறை ஏதுமில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்கும் தெரியவில்லை. கண்ணெதிரே சரக்கு கரைந்தது. ஏறத்தாழ 4,500 டாலர் நட்டம்.

அடுத்து வந்த ஆண்டுகள் இன்னும் கொடியவை. கடன் தீராததால் 1812லும் 1813லும் சிறை சென்றார். 1815இல் கடன்காரர்களின் பிடிக்குத் தப்பி மீண்டும் ஹவானாவுக்குப் புறப்பட்டார். ஆனால் இம்முறை அவர் கையில் பனிக்கட்டி மட்டுமன்று, குளிர் அறைக்கான திட்டமும் இருந்தது.

குளிர் அறையின் இரகசியம்

ஹவானாவில் அவர் கட்டிய அறை சுமார் 150 டன் கொள்ளக்கூடியது. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என்ற அமைப்பு. இரண்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தாத பொருள். வைக்கோல், மரச்சீவல், மரத்தூள், உமி எனப் பலவற்றையும் அவர் சோதித்துப் பார்த்தார். அறையின் அடியிலிருந்து வடியும் நீரை மணிக்கணக்கில் அளந்து, கதவு திறந்தால் எவ்வளவு உருகுகிறது, மூடினால் எவ்வளவு உருகுகிறது என்று கணக்கெடுத்தார். நம் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் இதுவேயன்றோ!

இதிலுள்ள அறிவியல் எளிது. குளிர் என்று தனிப்பொருள் ஏதுமில்லை. வெப்பம் இல்லாமையே குளிர். ஆகவே குளிர் அறை கட்டுவது என்பது வெப்பம் உள்ளே நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதே. மரத்தூளும் உமியும் தம்மிடையே அசையாத காற்றைப் பிடித்து வைக்கின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். எனவே நுழையும் வெப்பம் குறைந்தால் பனிக்கட்டி நாட்கணக்கில் நிற்கும். குவியல் பெரிதாக இருப்பதும் நன்று. கனசதுரத்தின் பக்கத்தை இருமடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெப்பம் நுழையும் மேற்பரப்போ நான்கு மடங்குதான்.

1825 வாக்கில் நதானியேல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் பனி வெட்டும் கலப்பையை உருவாக்கினார். பனிக்கட்டிகள் ஒரே அளவாகக் கிடைத்தன. இடைவெளியின்றி அடுக்க முடிந்ததால் உருகுவது குறைந்தது. வெட்டுகூலியும் பெரிதும் இறங்கியது.

இந்தியாவுக்கு வந்த ஏரி

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்கள் கழித்துச் செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. அதற்கு முன்பும் இந்தியாவில் பனிக்கட்டி இல்லாமல் இல்லை. குளிர்கால இரவுகளில் வைக்கோல் மெத்தைமேல் அகன்ற மண்தட்டுகளில் நீர் வைத்து மென்மையான பனி எடுப்பதை வங்காளத்தார் அறிந்திருந்தனர். ஆயினும் கண்ணாடிபோன்ற ஏரிப்பனியின் முன் அது நிற்கவில்லை.

பம்பாயிலும் சென்னையிலும் இத்தகைய பனி இல்லங்கள் தோன்றின. சென்னையில் அப்போது துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனி வெட்டப்படுவதைக் கண்ட எழுத்தாளர் தோரோ, தம் குளத்து நீரைச் சென்னைவாசிகளும் பருகுவதை எண்ணி வியந்து எழுதினார்.

நம் பக்கத்து நிலை

நம் கொங்கு நாட்டில் கறியைக் காக்க வேறு வழி இருந்தது. உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயவைத்த உப்புக்கண்டத்தை நாம் அறிவோம். காட்டோர ஊர்களில் வேட்டைக்கறியையும் இவ்வாறே காயவைத்தனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டியது. ஆனால் சந்தைக்கு வருபவர் கேட்பது பச்சைக்கறியை அல்லவா? ஞாயிறு மாலை விற்காமல் மிஞ்சும் ஆட்டுக்கறியைப் பாதி விலைக்குக் கொடுப்பதே என் தந்தையாரின் வழக்கம். அந்த வாரத்து ஆதாயம் அதிலேயே போய்விடும். மின்சாரக் குளிர் அறை எங்கள் கைக்கு எட்டாத பொருள்.

நம் கல்லூரி நூலகத்தில் டியூடரைப் பற்றிப் படித்த பிறகு, சென்ற கோடையில் நானும் தந்தையாரும் கடையின் பின்புறம் ஆள் குனிந்து நுழையும் அளவில் ஓர் அறை கட்டினோம். இரு செங்கற் சுவர்கள்; நடுவே ஒன்றரைச் சாண் இடைவெளியில் ஆலையிலிருந்து வந்த உலர்ந்த உமி. கூரைக்குத் தெர்மோகோல். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் ஐஸ் கட்டியை மேல்தட்டில் வைத்தோம். உருகும் நீர் கறியில் சொட்டாதவாறு கீழே தகரத் தட்டு. உமி நனைந்தால் பயனில்லை என்றும், நீரை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும் என்றும் வற்புறுத்தியவர் தந்தையார். வடிகுழாயை வளைத்து அதில் நீர் தேங்கவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கலாம் என்று சொன்னவன் நான். வெளியே 37 டிகிரி இருந்த ஒரு மாலையில் உள்ளே 7 டிகிரி இருந்தது. பல நாட்கள் வைப்பதற்கு இது போதாது. ஞாயிற்றுக்கிழமைக் கறியைத் திங்கள் காலைவரை காப்பாற்றப் போதும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இறுதிக்காலம்

டியூடரைக் குறையற்றவர் என்று கூறிவிட முடியாது. போட்டியாளர்கள் வந்தால் அவர்களுடைய சரக்கு உருகித் தீரும்வரை அடிமாட்டு விலைக்கு விற்று அவர்களை விரட்டினார். 1830களில் காப்பி ஊக வணிகத்தில் இறங்கி இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அக்கடனைப் பனிக்கட்டி வணிகமே சுமார் 15 ஆண்டுகளில் அடைத்தது. 1856இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறிய பனிக்கட்டி 1,30,000 டன்னுக்கும் மேல். 1864 பிப்ரவரி 6ஆம் நாள் தம் 80ஆம் வயதில் அவர் மறைந்தார். 1870களில் சென்னையிலும் கல்கத்தாவிலும் பொறிகள் பனிக்கட்டி செய்யத் தொடங்கவே, கப்பல் பனியின் காலம் முடிந்தது.

நண்பர்களே! கல்லூரி செல்லாமலே டியூடர் வென்றார் என்று சொல்லிப் படிப்பை இகழ்வோர் உண்டு. அவருக்குக் கல்லூரி வேண்டாம் என்று சொல்லும் வசதி இருந்தது. என் தந்தையாரைப்போல் மூன்றாம் வகுப்போடு நின்றவர்களுக்கு அவ்வசதி இருந்ததில்லை, வாசலே அடைபட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். டியூடர் இருபது ஆண்டுகள் இழந்தும் உருகவிட்டும் கண்டறிந்ததை நாம் வெப்பவியல் பாடத்தில் சில வாரங்களில் பெறுகிறோம். அதனைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடாமல், நம் வீட்டாருடைய தொழிலுக்குக் கொண்டு செல்வோம். அவர்கள் கையறிவையும் கேட்டுப் பெறுவோம். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கற்ற கல்வி பயன்தரும்.